கைத்தடி எந்தக் கையில்?

இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காக 1944ஆம் ஆண்டில் செயற்கை உறுப்பு நிலையம் தோன்றிய நகரம் நம் புனே. இங்கு வாழும் நம் மூத்தோர் சிலர் கைத்தடி ஏந்த நாணுகின்றனர். ஏந்துவோரிலும் சிலர் வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கின்றனர். அது பிழை.

நடையில் ஒற்றைக் கால் ஊன்றும்போது, உடல் சாயாவண்ணம் இடுப்புத் தசைகள் இழுப்பதால், தொடை எலும்பின் தலைமீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2½ மடங்குப் பாரம் அழுத்துகிறது. எதிர்க்கையில் ஊன்றிய தடி நெம்புகோலாகித் தசையின் உழைப்பையும் எலும்பின் சுமையையும் தணிக்கும். அமெரிக்க எலும்பு மருத்துவர் பிளவுண்ட் 1956இல் தடியின் பயனை வலியுறுத்தி எழுதினார்.

எனினும், சுமையே அறியாத எலும்பு மெலியும். ஆகவே நடையைக் கைவிடலாகாது. தடி தளர்ச்சியின் அடையாளமன்று. நம் வீட்டுப் பெரியோரின் தடி எந்தக் கையில் உள்ளதென இன்றே பார்ப்போமாக!