தண்டவாளத்து ஓரம் பச்சைக் கீரை: மண்ணுக்குள் இருப்பது என்ன?

மும்பை மின்சார ரெயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி அது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப் பசேல் என்று பாத்திகள். பாலக், வெந்தயக்கீரை, முள்ளங்கி, வெண்டை. கான்கிரீட் காட்டுக்கு நடுவே இப்படிப் பச்சையைப் பார்த்தால் ஊர் நினைவு வராத தமிழர் உண்டா?

ரெயில்வேக்குச் சொந்தமான காலி இடங்களை ஆக்கிரமிப்பில் இருந்து காக்க, கடைநிலை ஊழியர்களுக்குப் பயிரிடக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 'அதிக உணவு விளைவிப்போம்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அங்கே விளைவது தூர தேசத்துக்குப் போவதில்லை. பக்கத்து மார்க்கெட்டுக்குத்தான் வரும். வேலை முடிந்து தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் திரும்புகிறவர்கள் வாங்குவதும் அதே மார்க்கெட்டில்தான்.

இந்தப் பாத்திகளுக்குச் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்ற புகார் பலமுறை எழுந்தது. தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மண்ணைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சக்கரம் தேய்ந்தால் எங்கே போகும்?

மும்பை போரிபந்தரில் இருந்து தானேவுக்கு 1853 ஏப்ரல் 16-ந் தேதி முதல் பயணிகள் ரெயில் ஓடியது. 1925-ல் மின்சார ரெயில் வந்தது. அன்று முதல் இன்று வரை சக்கரமும் தண்டவாளமும் உரசிக்கொண்டே இருக்கின்றன. தேய்ந்த இரும்புத் தூள் ஆவியாகிப் போய்விடாது. ஜல்லியிலும் பக்கத்து மண்ணிலும்தான் விழும்.

ஸ்டேஷனை நெருங்கும்போது டிரைவர் பிரேக் போடுகிறார். பிரேக் கட்டை தேய்ந்து தூளாகிறது. மேலே செல்லும் செம்புக் கம்பியும் உரசி உரசித் தேய்கிறது. ஆகவே இரும்பு, மாங்கனீஸ், செம்பு ஆகிய உலோகங்கள் பாதையோர மண்ணில் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது.

பழைய கணக்கும் உண்டு. நீராவி என்ஜின் காலத்தில் கொட்டிய நிலக்கரிச் சாம்பல். மரச் சிலிப்பர் கட்டை உளுத்துப் போகாமல் இருக்கப் பூசிய கிரியோசோட் எண்ணெய். என்ஜின் ஷெட்டுகளில் சிந்திய டீசல், கிரீஸ். பாதையில் புல் முளைக்காமல் இருக்கத் தெளித்த களைக்கொல்லி. பயோ டாய்லெட் வரும் வரை வெளியூர் ரெயில்களின் கழிவு நேராகப் பாதையிலேயே விழுந்தது.

ரோட்டோரம் இன்னும் மோசம்

ரோட்டோர மண்ணின் பெரிய எதிரி ஈயம். என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. புகையோடு வந்த ஈயம் ரோட்டின் இருபுறமும் படிந்தது.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கடைசியாக அல்ஜீரியாவும் 2021-ல் நிறுத்தியது. காற்றில் ஈயம் குறைந்தது உண்மை. ஆனால் மண்ணில் விழுந்தது மக்குவதில்லை; எளிதில் கரைவதும் இல்லை. மேல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கு மேலும் கிடக்கும். அதாவது, தாத்தா காலத்து வண்டியின் புகை பேரன் விளையாடும் மண்ணில் இன்னும் இருக்கிறது.

இப்போது ஓடும் வண்டிகளும் சும்மா இல்லை. டயர் தேய்ந்து ரப்பர் தூளும் துத்தநாகமும் விழுகின்றன. பிரேக்கில் இருந்து செம்பு விழுகிறது. மின்சார வண்டி வந்தால் புகைதான் நிற்கும். டயர் தேய்வது நிற்காது.

ஒரு ஆறுதல்: ரோட்டை விட்டு விலக விலக இந்த அழுக்கு வேகமாகக் குறைகிறது. முதல் சில மீட்டர் தூரம்தான் மிக மோசம்.

குழந்தைகளுக்கே அதிக ஆபத்து

ஈயம் மூளையையும் நரம்பையும் தாக்கும். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கிறார்கள். பெரியவர்களைவிட அவர்கள் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. படிப்பில் மந்தம் என்று பிள்ளையை அடிக்கிறோம். காரணம் தெருவோர மண்ணாகவும் இருக்கலாம்.

கீரையில் இரண்டு வழியாக உலோகம் சேர்கிறது. இலைமேல் படியும் தூசி ஒன்று. அது கழுவினால் போகும். வேர் வழியாக உள்ளே ஏறுவது மற்றொன்று. அது எத்தனை முறை கழுவினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. இலைக் காய்கறியிலும் கிழங்கிலும் இது அதிகம். தக்காளி, வெண்டை, அவரை போன்றவற்றில் குறைவு.

என்ன செய்யலாம்?

பயிரிடுகிறவரைத் திட்டிப் பயனில்லை. அவரும் சம்பளம் போதாமல் மண்வெட்டி பிடித்தவர்தான். அவர் வீட்டுப் பிள்ளையும் அதே கீரையைத்தான் சாப்பிடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியது சில உண்டு. கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். முள்ளங்கியைத் தோல் சீவிச் சமைக்க வேண்டும். வெளியே விளையாடி வந்த குழந்தைக்குச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். சாளில் தொட்டி வைத்துக் கீரை வளர்ப்பவர்கள் ரோட்டோரத்தில் மண் அள்ள வேண்டாம். நல்ல மண்ணோடு மக்கிய எருவைக் கலந்தால் போதும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியதும் உண்டு. மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலிய 12 விவரங்கள் இருக்கின்றன. ஈயம் அதில் இல்லை. காட்மியமும் இல்லை. பயிருக்கு என்ன குறைகிறது என்று பார்க்கிறோம். சாப்பிடுகிறவருக்கு என்ன கூடுகிறது என்று பார்ப்பதில்லை. பாதையோர நிலத்தில் எதையும் பயிரிடும் முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

மண் சரியில்லை என்று தெரிந்தால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டிய அவசியமும் இல்லை. தாதர் ஸ்டேஷனை ஒட்டியே பெரிய பூ மார்க்கெட் இருக்கிறது. தசரா, தீபாவளி வந்தால் துலுக்கச் சாமந்திக்கு அங்கே கிராக்கி. கீரைப் பாத்தியில் பூ விளைந்தால் ஊழியருக்கு வருமானமும் போகாது. யார் வயிற்றுக்குள்ளும் ஈயம் போகாது.