நீச்சற்குளமும் குளோரினும்

வீட்டுத் தோட்டத்தில் நீச்சற்குளம் அமைத்தோர் குளோரின் வாங்கக் கடை புகுந்தால், ஒரே பெயரால் பல சரக்குகள் விற்கப்படுதல் கண்டு மயங்குவர். விலையும் வீரியமும் நோக்கி வாங்குதல் உலக வழக்கு. யாம் முதற்கண் வினவுவது வேறொன்று: கிருமிகளைக் கொன்றபின் அச்சரக்கு நீரில் எதனை விட்டுச் செல்கின்றது?

நீர்ம வடிவினதாகிய சோடியம் ஹைப்போகுளோரைட் சிறிது உப்பையே விட்டுச் செல்லும். ஆயின், வெப்பத்தால் நாளுக்கு நாள் வலிமை குன்றுமாதலின், மிகுதியாக வாங்கி வைத்தல் வீண். கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் தூள் நெடுநாள் கெடாது. ஆனால் சுண்ணச் சத்தைக் கூட்டும். கிணற்று நீர் முன்னரே உவர்த்துக் கடினமாயிருப்பின் குளச்சுவரில் வெண்படிவு காணும்.

பலரும் விரும்புவது டிரைகுளோர் வில்லையே. மெல்லக் கரைவதால் தொல்லை குறைவு. அதனுள் சயனூரிக் அமிலம் அடங்கியுள்ளது. திறந்தவெளிக் குளத்தில் வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். இவ்வமிலம் குடைபோல் நின்று அதனைக் காக்கும். நன்றே. எனினும் குளோரின் செலவாகும். குடையோ எளிதிற் செலவாவதில்லை. பத்து இலட்சத்தில் 10 பங்கு குளோரின் வில்லையால் சேருந்தோறும், இவ்வமிலம் ஏறத்தாழ 6 பங்கு சேர்கின்றது. மாதங்கள் செல்ல அது மிகுந்து, குளோரினைத் தொழில் செய்யவொட்டாது பிணித்துவிடும். சோதித்துப் பார்ப்பின் குளோரின் அளவு சரியாகவே இருக்கும். நீரோ பாசி பிடிக்கும்! ஒரு பகுதியை இறைத்துப் புதுநீர் விடுதலே பரிகாரம். ஆதலின், தொடக்கத்தில் இவ்வமிலத்தை அளவாகச் சேர்த்துவிட்டு, நாள்தோறும் நீர்மக் குளோரின் விடுதலே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. வில்லை, வெளியூர் செல்லும் நாட்களுக்கு இருக்கட்டும்.

மூக்கைத் துளைக்கும் நெடியே தூய்மைக்கு அறிகுறி என்பாரும் உளர். அந்நெடி, வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறக்கும் குளோராமைன்களுடையது. கண் எரிச்சலுக்கும் பெரும்பாலும் அவையே காரணம்.

இனி, எச்சரக்கை வாங்கினும் மறவாதிருக்க வேண்டுவன சில. டிரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே கலத்தில் இடலாகாது. ஒன்றை அளந்த கரண்டியால் மற்றொன்றைத் தொடுதலும் தீது. ஈரம் பட்ட அளவில் அவை தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். தூளை நீரிலிட வேண்டுமேயன்றித் தூளின்மேல் நீரை வார்த்தல் கூடாது. நீர்மக் குளோரினுடன் அமிலம் கலப்பின் நச்சுக் காற்று எழும். 1915-ஆம் ஆண்டு பெல்ஜியத்து ஈப்பர் போர்க்களத்தில் வீரரை மூச்சடைத்துக் கொன்றது அக்காற்றே.