எருக்குழிக்குள் ஒரு வேட்டை

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்ட லயங்களில் எருக்குழியைக் கிளறும்போது சில சமயம் ஒரு திடுக்கிடல். கட்டைவிரல் நீளம், கன்னங்கரிய உடல், வெயிலில் நீலம் மின்னும் சிறகு. தரையை ஒட்டித் தாழப் பறக்கும். யாராவது ‘கடந்தை!’ என்று கத்தினால் போதும், செருப்பைத் தூக்கிவிடுவார்கள்.

பயம் நியாயமானதுதான். கடந்தைகள் கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகலாம். ஆனால் ஸ்கோலியா குடும்பத்துக் குளவி தனியாள். காப்பாற்றக் கூடு இல்லாததால் யாரையும் துரத்துவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் பெண் குளவி கொட்டும், அவ்வளவுதான்.

அதன் கவனமெல்லாம் மண்ணுக்கடியில். எருவைத் துளைத்து இறங்கும் பெண் குளவி, காண்டாமிருக வண்டு போன்றவற்றின் கொழுத்த வெள்ளைப் புழுவைத் தேடிப் பிடிக்கிறது. கொடுக்கால் குத்தி அசையாமல் செய்து, அதன் வயிற்றில் ஒரு முட்டையை ஒட்டிவிடுகிறது. பொரித்து வரும் குட்டிப்புழு அந்த உடலைத் தின்றே வளர்ந்து, அங்கேயே கூடு நூற்றுக்கொள்கிறது. ஒட்டுண்ணி என்று பெயர்தான். பேனையும் உண்ணியையும் போலல்லாமல், இடம் கொடுத்ததைக் கொன்றே தீர்க்கும். காண்டாமிருக வண்டு தென்னங்குருத்தை என்ன பாடு படுத்தும் என்பதை மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்குத் தோப்புக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. கடந்தைக்கு வழவழப்பான உடல். இதற்கு அடர்ந்த ரோமம், முள் நிறைந்த தடித்த கால்கள். சிறகு நுனியில் சுருக்கம் விழுந்தாற்போல நெருக்கமான நுண்கோடுகள் ஓடும். குடும்பத்தையே காட்டிக்கொடுக்கும் முத்திரை அது. பெண்ணின் உணர்கொம்பு குட்டையாக வளைந்திருக்கும். ஆணுக்கு நீண்டு நேராக இருக்கும். ஆணின் வால் நுனியில் மூன்று முட்கள் மிரட்டும். வெறும் பாவனை, ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

குடும்பம் தெரிந்தால் போதுமா? மொரீஷியஸில் கரும்பை அழித்த ஒரு காண்டாமிருக வண்டை ஒடுக்க, 1917இல் மடகாஸ்கரிலிருந்து கொண்டுபோனது ஏதோ ஒரு ஸ்கோலியாவை அல்ல. ஸ்கோலியா ஓரிக்டோஃபாகா என்ற குறிப்பிட்ட இனத்தை. இந்திய இனங்களைப் பிரித்தறிய ராணுவ அதிகாரி சார்லஸ் பிங்ஹம் 1897இல் வெளியிட்ட தொகுதியை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். செல்போன் படம் பெரும்பாலும் குடும்பத்தோடு நின்றுவிடும். இனத்தைச் சொல்ல முழு உடல் உருப்பெருக்கியின் கீழ் வர வேண்டும். செருப்படி பட்ட குளவியில் சிறகு நரம்பும் தேறாது, உணர்கொம்பும் தேறாது.