மீன் வயிற்றில் நம் வீட்டுப் பிளாஸ்டிக்

சென்ற மாதம் மருத்துவ உதவி மனு கொடுக்க வந்த ஒரு சகோதரி, கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார்: “மீனுக்குள்ள பிளாஸ்டிக் இருக்குதாமே அண்ணே, புள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா?” அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். தெருவில் வீசிய கவர் மக்கிப் போவதில்லை. வெயிலில் காய்ந்து நொறுங்கிப் பொடியாகிறது, அவ்வளவுதான். இன்னொரு வகை, துணியிலிருந்து உதிரும் இழை. பாலியஸ்டர், அக்ரிலிக் துணிகளைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உதிரக்கூடும். பருத்தி கலந்த பாலியஸ்டரில் அது சுமார் 1.38 லட்சம். பனியன் ஊரில் வாழும் நாம் இதைக் கவனிக்காமல் விட முடியாது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பூண்டி வழியாக வரும் நல்லாற்றில் விழும் சாக்கடை நீர், நஞ்சராயன் குளத்தை நோக்கிப் போகிறது. 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட குளம் அது. அங்கே வரும் பறவைகளில் பலவற்றுக்கு உணவு மீன்தான்.

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் 10 இடங்களில் அடிமண்ணை எடுத்துச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. எல்லா இடத்திலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. சதுர மீட்டருக்குச் சராசரியாக 252 துணுக்குகள். அவற்றில் மிகுதி, நாம் கவர், பை என்று பயன்படுத்தும் பாலித்தீன் வகை.

கட்லா மீன் தண்ணீரை வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்னும். ஜிலேபி மீன் பாசியையும் அடிச்சேற்றில் உள்ளதையும் மேயும். இரண்டுக்கும் இரை எது, பிளாஸ்டிக் எது என்று பிரித்தறிய வழியில்லை. விழுங்கியது குடலில் தங்கினால் பொய்யாக வயிறு நிறைகிறது. இரை எடுப்பது குறைந்து வளர்ச்சி குன்றுகிறது. குடலில் புண் ஏற்படுவதையும், முட்டையிடுதல் பாதிக்கப்படுவதையும் ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தண்ணீரில் உள்ள நச்சுகளும் இத்துணுக்குகளில் ஒட்டிக்கொண்டு மீனுக்குள் போகின்றன.

மனிதரையும் இது விட்டுவைக்கவில்லை. 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது.

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். மீனை நிறுத்த வேண்டாம். பிள்ளைகளுக்கு அது நல்ல சத்து. துணுக்குகள் பெரும்பாலும் குடலிலும் செவுளிலும்தான் தங்குகின்றன, சதையில் குறைவு. எனவே குடலையும் செவுளையும் முழுவதுமாக நீக்கி, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். முழுதாகச் சமைக்கும் பொடி மீன்களில் கூடுதல் கவனம் தேவை.

துணி துவைப்பதிலும் கவனம் வேண்டும். மெஷின் நிறையத் துணி சேர்ந்த பிறகு, சூடில்லாத தண்ணீரில் போடுங்கள். மெஷினில் உள்ள வலைப்பையில் சேரும் பஞ்சைச் சாக்கடையில் அலசாமல் குப்பையில் போடுங்கள். கட்டிங் வேஸ்ட்டை ஓடையோரம் கொட்டுவதையும், எரிப்பதையும் நிறுத்த வேண்டும்.

நொய்யலில் சாயம் ஓடியது கண்ணுக்குத் தெரிந்தது. வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இழை கண்ணுக்குத் தெரியாது. நாமாகத்தான் திருந்த வேண்டும்.

அதை நம்மிடமிருந்தே தொடங்குகிறோம். பிளாஸ்டிக் கவர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. ஆனாலும் கடந்த ரமலானில் நம் அறக்கட்டளையின் நோன்புக் கஞ்சியைப் பலர் சூடாகக் கவரில்தான் வாங்கிப் போனார்கள். நாங்களும் தடுக்கவில்லை, அது எங்கள் தவறு. பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் ஒரு தூக்குப்போசிக்கா பஞ்சம்? வரும் ரமலானில், இன்ஷா அல்லாஹ், கவரில் கஞ்சி ஊற்றுவதில்லை. பாத்திரம் கொண்டு வாருங்கள். மறந்து வருபவர்களுக்கு, திருப்பித் தரும்படி சில தூக்குகளை நாங்களே வாங்கி வைக்கிறோம்.