பெருந்திறன் சூரிய மின்னுற்பத்தியின் வளர்ச்சி: மூலதனம், ஒப்பந்தம், நிலம்

முன்னுரை

2010ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அரசு சவகர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கியபோது, 2022ஆம் ஆண்டிற்குள் 20,000 மெகாவாட் என்ற இலக்கே மிகையானது எனக் கருதப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அவ்விலக்கு 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. உரிய ஆண்டில் அது எட்டப்படவில்லை; எனினும் 2025ஆம் ஆண்டு சனவரி இறுதியில் நாட்டின் சூரிய மின்நிறுவுதிறன் 100 கிகாவாட்டைக் கடந்தது. இவ்வளர்ச்சிக்குச் சூரியத் தகடுகளின் விலை வீழ்ச்சியே காரணம் என்பது பரவலான விளக்கம். அவ்விளக்கம் பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. தகட்டின் விலை உலகெங்கும் ஏறத்தாழ ஒரே போக்கில்தான் குறைந்தது. ஆயினும் சில இடங்களில் மின்நிலையங்கள் விரைந்து எழுந்தன. சில இடங்களில் எழவில்லை. இவ்வேறுபாட்டை உருவாக்கும் நிதி, ஒப்பந்தம், நிலம் ஆகியவற்றை இந்திய நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

எரிபொருள் இல்லாத மின்நிலையமும் வட்டி வீதமும்

அனல் மின்நிலையம் தன் வாழ்நாள் முழுவதும் நிலக்கரிக்குச் செலவிட்டுக்கொண்டே இருக்கும். சூரிய மின்நிலையத்திற்கு அத்தகைய செலவு இல்லை. அதன் செலவில் மிகப்பெரும் பகுதி கட்டுமானம் முடியும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. எனவே அது விற்கும் மின்சாரத்தின் விலை, உண்மையில் கடன்பெற்ற மூலதனத்தைத் திருப்பிச் செலுத்தும் தவணையே ஆகும்.

இதனை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு மெகாவாட் நிலையத்தை நிறுவ 4 கோடி ரூபாய் ஆவதாகவும், அது தன் திறனில் 20 விழுக்காடு அளவிற்கு உற்பத்தி செய்வதாகவும் கொள்வோம். ஆண்டிற்கு 17.52 இலட்சம் யூனிட் கிடைக்கும். மூலதனத்தை 25 ஆண்டுகளில் 8 விழுக்காடு வட்டியுடன் சமத்தவணைகளில் மீட்க யூனிட்டிற்கு ஏறத்தாழ 2.14 ரூபாய் தேவை. வட்டி 12 விழுக்காடானால் அதுவே 2.91 ரூபாய் ஆகிறது. வெயிலும் தகடும் மாறவில்லை. கடன் கொடுப்பவரின் அச்சம் மட்டுமே மாறியிருக்கிறது. இராசத்தானத்தின் வெயிலைப் புகழும் நூல்கள் பலவும் இந்த 77 காசைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏலமும் உத்தரவாதமும்

தேசிய இயக்கத்தின் தொடக்கத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டிற்கு 17.91 ரூபாய் என்ற விலையை வரையறுத்திருந்தது. அவ்விலையிலிருந்து யார் மிகுதியாகக் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம் என்ற தலைகீழ் ஏலமுறை 2010ஆம் ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வேலத்தில் மிகக் குறைந்த விலை 10.95 ரூபாயாக இருந்தது. 2011 திசம்பரில் 7.49 ரூபாயாயிற்று. அரசு நிர்ணயிக்கும் விலைக்கும் சந்தை ஏற்கும் விலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதை ஏலமே வெளிப்படுத்தியது.

தகட்டு விலையும் இடர்க்குறைப்பும் ஒருங்கே செயற்பட்ட நிகழ்வாக மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரியப் பூங்காவைக் குறிப்பிடலாம். 2016 சனவரியில் இராசத்தானத்தில் நடந்த ஏலமொன்றில் 4.34 ரூபாய் என்பதே சாதனை விலை. 2017 பிப்ரவரியில் 750 மெகாவாட் திறனுக்கான ரேவா ஏலத்தில் முதலாண்டு விலை 2.97 ரூபாயாகவும், ஒப்பந்தக்கால முழுமைக்குமான சமன்செய்த விலை ஏறத்தாழ 3.30 ரூபாயாகவும் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் சீனத் தகடுகளின் விலை சரிந்தது உண்மையே. ஆயின் ரேவாவில் வேறொன்றும் நிகழ்ந்தது. மின்சாரம் வாங்குவோர் பணம் செலுத்தத் தவறினால் மாநில அரசே பொறுப்பேற்கும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. மின்தொகுப்பு பழுதுற்று மின்சாரத்தை ஏற்க இயலாத காலத்திற்கும் இழப்பீடு வரையறுக்கப்பட்டது. நிலமும் கடத்துபாதையும் முன்னரே ஆயத்தமாக இருந்தன. தில்லி மெட்ரோ போன்ற நம்பகமான நுகர்வோரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் இராசத்தானத்தின் பட்லா பூங்காவில் விலை 2.44 ரூபாயாக இறங்கியது. 2020 திசம்பரில் குசராத்தில் நடந்த ஏலத்தில் 1.99 ரூபாயும் பதிவாயிற்று.

தொழில் நுகர்வோரின் பங்கு தனித்து நோக்கத்தக்கது. வேளாண்மைக்கும் வீடுகளுக்கும் அளிக்கப்படும் சலுகையின் ஒரு பகுதியை உயரழுத்த மின்கட்டணத்தின் வழி ஆலைகளே சுமக்கின்றன. எனவே வெளியிலிருந்து மின்சாரம் பெறுவது அவற்றிற்கு ஆதாயமாகிறது. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, நிலையத்தின் பங்குகளில் குறைந்தது 26 விழுக்காட்டைத் தம்மிடம் கொண்டு, அதன் உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டைத் தாமே நுகர்வோர் சொந்தப் பயன்பாட்டாளராகக் கருதப்படுவர். அவர்களுக்குக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இல்லை. பல ஆலைகள் கூட்டாகப் பங்கு வாங்கும் வழக்கம் இவ்விதியிலிருந்தே வளர்ந்தது. பகிர்மானக் கழகமோ தன் நல்ல வாடிக்கையாளரை இதனால் இழக்கிறது.

கமுதி: முந்திக்கொண்ட விலை

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் யூனிட்டிற்கு 7.01 ரூபாய் என நிர்ணயித்தது. அவ்விலையை அடிப்படையாகக் கொண்டு 2015 சூலையில் இராமநாதபுரம் மாவட்டக் கமுதியில் 648 மெகாவாட் திறனுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 2,500 ஏக்கரில் 25 இலட்சம் தகடுகளுடன் 2016 செப்டம்பரில் நிறைவுற்ற அந்நிலையம், ஓரிடத்தில் அமைந்தவற்றுள் அன்று உலகின் மிகப்பெரியதாகப் பேசப்பட்டது. வறட்சிக்கும் சீமைக்கருவேலத்திற்கும் பெயர்பெற்ற மாவட்டத்திற்கு இது புதிய அடையாளம்.

ஆனால் 2016இல் ஆணையத்தின் விலை 5.10 ரூபாயாகக் குறைந்தது. 2017இல் தமிழ்நாட்டில் நடந்த 1,500 மெகாவாட் ஏலம் 3.47 ரூபாயில் முடிந்தது. மூன்றே ஆண்டுகளில் பாதியான விலையை, 25 ஆண்டு ஒப்பந்தங்கள் பின்பற்ற இயலாது. முன்னோடியாக வந்தவருக்கு உயர்ந்த விலை என்பது கொள்கையளவில் நியாயமே. அவ்வுறுதி இல்லையெனில் எவரும் முன்வந்திருக்கமாட்டார். எனினும் அதன் சுமை, ஏற்கெனவே கடனில் தத்தளிக்கும் பகிர்மானக் கழகத்தின் மீது விழுந்தது.

விலையுயர்ந்த மின்சாரத்தை வாங்காமல் தவிர்க்கும் நாட்டம் இங்குதான் பிறக்கிறது. சூரிய மின்சாரம் 'கட்டாயம் ஏற்கப்பட வேண்டியது' என்ற தகுதி பெற்றது. மின்தொகுப்பின் பாதுகாப்பிற்காக மட்டுமே அதனைக் குறைக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் அவ்வாறு குறைக்கப்பட்டதில் பெரும்பகுதி பாதுகாப்புக் காரணத்தால் அன்று என உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இழப்பீட்டிற்கு வழிசெய்தது. ஆந்திரப் பிரதேசம் 2019இல் பழைய ஒப்பந்த விலைகளையே மறுபேச்சிற்கு அழைத்தது. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் ஒப்பந்த விலையையே செலுத்தப் பணித்தது. நீதிமன்றங்கள் ஒப்பந்தத்தைக் காத்தன என்பது சரியே. ஆயினும் வழக்கு நடந்த ஆண்டுகளில் கடன் கொடுத்தோர் கற்ற பாடம், அடுத்த நிலையத்தின் வட்டியில் சேர்கிறது. மேலே காட்டிய 77 காசு இவ்வாறே உருவாகிறது.

நிலம்

பட்லா பெரும்பாலும் அரசு நிலத்தில் அமைந்தது. கமுதி நிலம் வாங்கப்பட்டு அமைந்தது. கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தைச் சேர்ந்த பாவகடா மூன்றாவது வழியைத் தேர்ந்தது. அங்கு ஏறத்தாழ 13,000 ஏக்கர் உழவர்களிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டு 2,050 மெகாவாட் பூங்கா எழுந்தது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. மழை பொய்த்துப் பொய்த்து நிலக்கடலையும் கைவிட்ட ஊர்களில் இது நிலையான வருவாய். உரிமை கைமாறாததால் கையகப்படுத்தலின் கசப்பும் குறைந்தது. அரசு நிலம் அரிதாகவும் உடைமை சிறு துண்டுகளாகவும் உள்ள தமிழ்நாட்டிற்கு இம்முறை, பட்லாவின் முறையைக் காட்டிலும் பொருந்தக்கூடியது.

ஆனால் குத்தகைப் பணம் நில ஆவணத்தில் உள்ள பெயருக்கே செல்கிறது. அதே வயலில் களையெடுத்தவருக்கும், அறுவடைக்குப் பின் அங்கு ஆடு மேய்த்தவருக்கும் ஆவணத்தில் பெயர் இல்லை. கட்டுமானம் நடந்த மாதங்களில் கூலி வேலை மிகுதியாக இருந்தது. அது முடிந்தபின் தகடு துடைத்தல், புல் அகற்றுதல், காவல் ஆகிய சில பணிகளே எஞ்சின. கமுதியில் தகடு துடைக்கும் பணியும் தானியங்கிக் கருவிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. தண்ணீரற்ற மாவட்டத்தில் அது சரியான முடிவு. கூலிக்கு வருவோரின் கணக்கில் அது இன்னொரு வேலையின் இழப்பு. ஏலத்தில் போட்டியிடப்படும் யூனிட் விலையில் இவ்விழப்பிற்கெனத் தனி இனம் ஏதும் இல்லை; குத்தகையில் ஒரு சிறு விழுக்காட்டை நிலமற்றோருக்கென ஒதுக்குவதை ஏல நிபந்தனையாக்கினால், எல்லாப் போட்டியாளரும் அதனை ஒரே அளவில் தம் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.