தொழிலும் இயல்பும்

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துவினையாடல் என்றோர் அதிகாரம் உளது. ஒரு வினைக்கு உரியவன் யாவன் என ஆராய்ந்து அதனை அவன்பால் ஒப்புவிக்கும் முறையை அது கூறுகின்றது. அங்கே ஆராய்பவன் அரசன், ஆராயப்படுபவன் வினையாளன். வினையாளனே நின்று, தனக்குரிய வினை யாது எனத் தேடும் நிலை முற்காலத்துப் பெரும்பாலார்க்கு வாய்த்ததன்று. உழவன் மகன் ஏரையும், கொல்லன் மகன் உலையையும், வைத்தியன் மகன் ஏட்டுச்சுவடியையும் தந்தையிடமிருந்து பெற்றனர். தொழில் பிறப்போடு வந்தது. பலர்க்கு அது அறுக்கவொண்ணா விலங்காயும் இருந்தது. அவ்விலங்கு தளர்ந்த பின்னர்த் தோன்றிய புதிய கடமையே தொழிற்றெரிவு. பதினாறு வயதுப் பிள்ளையின் தோளிலே இக்காலம் ஏற்றியிருக்கும் இச்சுமை எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தொழிற்றெரிவை ஒரு முறைக்குட்படுத்த முயன்றவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர் அமெரிக்க நாட்டினரான பிராங் பார்சன்ஸ் (1854–1908) என்பவர். அவர் எந்திரவியல் கற்றுப் புகையிரதப் பாதை வேலையில் அமர்ந்தார். பின்னர்ப் பாடசாலை ஆசிரியராயினார். சட்டம் பயின்று வழக்கறிஞராயினார். அதன்பின் சட்டக் கல்லூரியிலே விரிவுரை நிகழ்த்தினார். தம் தொழிலைத் தேடிப் பல வாயில்களைத் தட்டிய ஒருவரே பிறர்க்கு வழிகாட்ட முன்வந்தமை வியப்பன்று. 1908 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே பொஸ்ரன் நகரில் இளைஞர்க்குத் தொழில் ஆலோசனை வழங்கும் நிலையமொன்று அவர் முயற்சியால் திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்தெம்பரிலேயே அவர் காலமானார். அவர் எழுதிவைத்த நூல் 1909 இல் வெளிவந்தது.

பார்சன்ஸ் வகுத்த முறை மூன்று கூறுகளையுடையது. தன் ஆற்றல், விருப்பம், வசதி, குறைபாடு ஆகியவற்றைத் தெளிவாக அறிதல் ஒன்று. ஒவ்வொரு தொழிலும் வேண்டிநிற்பது யாது, தருவது யாது, அதில் முன்னேறும் வழி யாது என அறிதல் மற்றொன்று. இவ்விரண்டனையும் ஒப்புநோக்கிச் சீர்தூக்குதல் மூன்றாவது. கேட்குமிடத்து மிக எளிதாகத் தோன்றும் இம்முறை நடைமுறையில் அரிதாகவே கைக்கொள்ளப்படுகின்றது. நம் இல்லங்களிலே பிள்ளையைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பரீட்சைப் புள்ளிகளோடு நின்றுவிடுகின்றது. தொழிலைப் பற்றிய அறிவோ சம்பளத்தோடும் மதிப்போடும் நின்றுவிடுகின்றது. புள்ளியையும் சம்பளத்தையும் எத்துணை நுட்பமாக ஒப்புநோக்கினும் விடை கிட்டாது.

பார்சன்ஸுக்குப் பின்வந்த உளவியலறிஞர் முதலாவது கூற்றை விரிவாக ஆராய்ந்தனர். எட்வேட் ஸ்ரோங் என்பவர் 1927 இல் தொழில் விருப்ப வினாத்தாளொன்றை வெளியிட்டார். ஒரு தொழிலிலே நிலைபெற்றோர் எவற்றை விரும்புகின்றனர், எவற்றை வெறுக்கின்றனர் எனக் கண்டு, அவற்றோடு ஓர் இளைஞனின் விருப்பு வெறுப்புக்களை ஒப்பிடுவதே அதன் உபாயம். விருப்பம் வேறு, திறமை வேறு என்பதை அவர் வற்புறுத்தினார். யோன் ஹொலண்ட் என்பவர் 1959 இல் வெளியிட்ட கொள்கையோ மனிதரையும் தொழிற்சூழல்களையும் அறுவகைப்படுத்துவது: கைவினையிலும் கருவிகளிலும் நாட்டமுடையோர், ஆராய்ச்சியில் நாட்டமுடையோர், கலைநாட்டமுடையோர், பிறர்க்குக் கற்பித்தலிலும் உதவுதலிலும் நாட்டமுடையோர், பிறரை நடத்திக் கருமம் முடிக்கும் ஊக்கமுடையோர், கணக்கும் ஒழுங்கும் பேணுவோர் என. ஒருவர் ஒரு வகையினுள் முற்றும் அடங்குவதில்லை. இரண்டு மூன்று வகைகள் அவரிடம் கலந்தே காணப்படும். இவ்வகைப்பாடு சோதிடக் குறிப்புப்போலக் கையாளப்படுமாயின் தீமையே விளையும். தன்னைத்தான் வினவுதற்குரிய வினாக்களாகக் கொள்ளப்படின் பயன்படும்.

ஸ்ரோங் கண்ட உண்மைகளுள் ஒன்று நம் கல்வி முறையை நோக்கக் கவலை தருவது. மாந்தரின் விருப்பங்கள் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையிலேயே பெரிதும் மாறுகின்றன, அதன்பின்னரே நிலைபெறுகின்றன. இலங்கையிலோ கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன், கலை, வணிகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், தொழினுட்பவியல் என்னும் துறைகளுள் ஒன்றைப் பதினாறு வயதினர் தெரிதல் வேண்டும். தெரிந்த துறையே பல்கலைக்கழகத்தில் எவ்வாயில் திறக்கும், எவ்வாயில் அடைபடும் என்பதைத் தீர்மானிக்கின்றது. மனம் இன்னும் அசைந்துகொண்டிருக்கும் பருவத்திலே அசையாத முடிவொன்று கேட்கப்படுகின்றது.

அம்முடிவைப் பெரும்பாலும் பிள்ளை செய்வதில்லை. ஊர் வழக்கே செய்கின்றது. அவ்வழக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு வற்றாத ஆறில்லாத நிலம். கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் தோட்டப்பயிரும் செய்த குடும்பங்களின் காணி, சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுச் சிறுத்தது. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் வந்து தொடக்கிய பாடசாலைகளும், 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியும், பின்னர்ச் சைவப் பெருமக்கள் நிறுவிய கல்லூரிகளும் ஆங்கிலக் கல்வியை வழங்கின. அக்கல்வியைப் பெற்றோர்க்குக் கொழும்புக் கந்தோர்களிலும், மலாயாவின் புகையிரதப் பகுதியிலும், திறைசேரியிலும் இலிகிதர் உத்தியோகம் காத்திருந்தது. மாதந்தோறும் தவறாத சம்பளம், முதுமையில் பென்சன், திருமணச் சந்தையில் உயர்வு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தன. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் பழமொழி அக்காலத்தின் முதிர்ந்த அனுபவமேயன்றி மடமையன்று. மழையை நம்பியிருந்த குடும்பத்துக்கு அரசாங்கச் சம்பளம் ஒரு வற்றாத ஊற்று.

ஆயினும் ஊற்றும் வற்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலாயா வாயில் ஒடுங்கிற்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அரசாங்க சேவையிலே தமிழ் மாணாக்கரின் நம்பிக்கையைத் தகர்த்தது. இலிகிதர் பதவியை இழந்த நாட்டம் வைத்தியத்தின்மீதும் பொறியியலின்மீதும் முழு வலிமையோடு சாய்ந்தது. 1970 களின் தொடக்கத்திலே புகுத்தப்பட்ட தரப்படுத்தல் அவ்வாயில்களையும் குறுக்கியபோது எழுந்த மனக்கசப்பு நாட்டின் வரலாற்றையே மாற்றியது. உத்தியோகத்தைப் பற்றிய ஏக்கம் எத்துணை ஆழமானது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. நிலைமைகள் மாறிய பின்னரும் வழக்கு மாறாதிருத்தலே இங்குக் கருதத்தக்கது. வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டு பெயர்களே இன்னும் பல இல்லங்களிலே பிள்ளை பிறந்தவுடன் உச்சரிக்கப்படுகின்றன.

இவ்விடத்திலே மாணாக்கரும் பெற்றோரும் ஒருங்கே மயங்கும் ஒரு பிழை உண்டு. பாடத்தை விரும்புதலையும் தொழிலை விரும்புதலையும் ஒன்றெனக் கொள்ளுதலே அது. உயிரியலிலே உயர்ந்த புள்ளி பெறும் மாணாக்கி இரவு முழுதும் விழித்திருந்து, வலியால் அரற்றுவோரிடையே பொறுமை குன்றாது நடமாட வல்லவளா என்பதைப் பரீட்சை வினாத்தாள் வினவுவதில்லை. அவள் உண்மையில் விரும்பியது இலையின் அமைப்பையும் உயிர்க்கலத்தின் தொழிற்பாட்டையும் ஆராய்தலாயிருக்கலாம். அவளுக்குரிய இடம் ஆய்வுகூடமோ விவசாய ஆராய்ச்சி நிலையமோ ஆகலாம். தூய கணிதத்திலே இன்புறும் மாணாக்கன் பொறியியலாளனாகி, வெயிலில் நின்று கொங்கிறீற்றின் கலவையைப் பார்த்து, ஒப்பந்தக்காரரோடு கணக்குப் பேசி, தொழிலாளரை ஒன்றுசேர்த்து வேலை வாங்கவேண்டியவனாகின்றான். அது இழிவன்று, அதனையே விரும்புவோரும் உளர். ஆயினும் அவன் விரும்பியது அதுவன்று. ஒரு தொழிலின் பெயரை அறிதல் எளிது. அத்தொழிலாளி திங்கட்கிழமை காலை எட்டு மணிமுதல் மாலைவரை உண்மையிற் செய்வது யாது என அறிதலே வேண்டப்படுவது.

மறுதலையாக, விருப்பம் ஒன்றே போதும், அதன்வழிச் செல்க என இளைஞர்க்குக் கூறுவோரும் இக்காலத்து மிகுந்துவிட்டனர். தங்கையின் கல்விச் செலவும் தந்தையின் மருந்துச் செலவும் காத்திருக்கும் வீட்டிலே இவ்வுபதேசம் செல்லாக் காசு. சீவனோபாயம் என்பது தொழிலின் முதற் பொருள். அதனை மறந்த ஆலோசனை ஆலோசனையாகாது.

இவ்விரு கரைகளுக்கும் இடையே வழி கண்டோர் ஈழநாட்டிலேயே இருந்தனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். ஆசிரியராகவும், அரசாங்கக் கணக்குப் பகுதி அலுவலராகவும், வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் அவர் உழைத்தார். கணக்கும் வழக்கும் அவர் குடும்பத்தைப் பேணின. ஆயின் அவர் பெயர் நின்றது 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து பதிப்பித்தமையால். கந்தோரில் ஐந்தொகை பார்த்த கண் ஏட்டிலே பாடபேதம் பார்த்தது. சிறு பிழையையும் விடாது ஒப்பு நோக்கும் இயல்பு இரண்டு வேலைக்கும் பொதுவாயிருந்தமை தற்செயலன்று போலும். சீவனத்துக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு தொழிலுமாக வாழ்தல் தோல்வியன்று என்பதற்கு இவரினும் நல்ல சான்று காண்டல் அரிது. ஆயினும் அதற்கு இரட்டிப்பு உழைப்பு வேண்டும் என்பதையும் மறைத்தலாகாது.

ஆனந்த குமாரசுவாமியின் (1877–1947) வரலாறு வேறுவகையானது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்ற அவர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் அதிபராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றினார். தோரியனைற்று என்னும் கதிர்வீசும் கனிப்பொருளை இலங்கையிற் கண்டறிந்த பெருமை அவருடையது. அத்துறையிலே அவர் தோற்றவரல்லர், வெற்றி பெற்றவர். பாறைகளைத் தேடி ஊரூராய்ச் சென்றபோது, கம்மியரும் நெசவாளரும் ஓவியரும் கைவிடப்பட்டுத் தம் கலைகளை மறந்துவருதலை அவர் கண்ணாரக் கண்டார். 1908 இல் அவர் வெளியிட்ட பெருநூல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றியது. 1917 முதல் தம் இறுதிக் காலம்வரை பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே கீழைத்தேயக் கலைகளின் காவலராக விளங்கினார். ஒரு தொழிலை நன்கு செய்தமையே அவரை மற்றொரு தொழிலுக்கு இட்டுச்சென்றது. விஞ்ஞானி பொருள்களை வகைப்படுத்திக் காணும் முறையை அவர் கலையாராய்ச்சியிலும் கைவிட்டாரல்லர்.

இத்தகைய சேர்க்கையை இன்னும் தெளிவாகக் காட்டுவது விபுலானந்த அடிகளின் வாழ்வு. 1892 இல் காரைதீவிலே பிறந்த அவர் ஆசிரிய கலாசாலையிலும் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிலும் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியிலே அதிபராயிருந்தார். 1924 இல் துறவு பூண்டார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயினார். அக்காலத்து அயலவர்க்கு இவையெல்லாம் தொடர்பற்ற தாவல்களாகவே தோன்றியிருத்தல் கூடும். 1947 இல் யாழ்நூல் அரங்கேறியபோதுதான் நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் கணித்த விஞ்ஞான அறிவும், சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளை விளக்கிய தமிழறிவும் ஒரே நூலில் ஒன்றாயின. இன்றைய முறையிலே பதினாறு வயதில் விஞ்ஞானமா கலையா என அவரிடம் வினவியிருப்பின், ஒன்றைத் துறந்தேயிருப்பார்.

இவை பெருமக்கள் வரலாறு எனக் கூறி ஒதுக்குதற்கு இடமுண்டு. சாதாரண மாணாக்கனின் நிலை அத்துணை இளகியதன்று. உயர்தரப் பரீட்சைக்கு மும்முறை தோற்ற விதி இடமளிக்கின்றது. தன் இயல்புக்கு ஒவ்வாத துறையிலே மூன்றாம் முறையும் தோற்றி, பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளியை எட்டாது திரும்பும் பிள்ளை, தன் இளமையின் ஓராண்டு ஈராண்டை மட்டும் இழப்பதில்லை. தான் எதற்கும் உதவான் என்ற எண்ணத்தையும் பெற்றுக்கொள்கின்றான். அவனுக்காகக் காணியை ஈடு வைத்த தந்தையின் மௌனம் அவ்வெண்ணத்தை உறுதிசெய்கின்றது. அவனுடைய கை பழுதுற்ற நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவல்லது என்பதை அவ்வீட்டில் யாவரும் அறிவர். ஆயினும் அதனைக் கல்வியின் பாற்படும் ஒன்றாக எவரும் எண்ணியதில்லை. தொழினுட்பவியல் உயர்தரத்திற் சேர்க்கப்பட்டது 2013 இலேதான். தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளையுடையதென்பதும், ஏழாம் படி பட்டத்துக்கு நிகரானதென்பதும், அவ்வழியே படிப்படியாக ஏறலாம் என்பதும் பல பெற்றோர் செவிக்கு எட்டாதன. எட்டினும், படிக்காத பிள்ளைக்கு உரியது அது என ஒதுக்குவர்.

கல்லூரிகள் செய்யத்தக்கது ஒன்று உளது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிவதற்கும் பெறுபேறு வருவதற்கும் இடையே சில மாதங்கள் உள. இக்காலத்து அவை உயர்தரப் பாடங்களுக்கான தனியார் வகுப்புக்களால் உடனே நிரப்பப்படுகின்றன. துறையைத் தெரியுமுன்னரே துறை தொடங்கிவிடுகின்றது. அம்மாதங்களுள் இரண்டு வாரத்தையேனும் மீட்டல் கூடும். ஒவ்வொரு கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கம் உண்டு. அதிலே கணக்காளர், தாதியர், மின்னியலாளர், வங்கி முகாமையாளர், கணினி நிரல் எழுதுவோர், கமக்காரர், அச்சக உரிமையாளர் யாவரும் உளர். பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை வகிக்க அழைக்கப்படும் அவர்களைத் தம் வேலைத்தலத்திலே ஒரு மாணாக்கனைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுமாறும் அழைக்கலாம். மாணாக்கன் அங்கே கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக: அவர் நாள் முழுதும் செய்தது யாது, எப்போது சலித்தார், எப்போது நேரம் போவதை மறந்தார், அவருக்குத் தெரிந்திருந்தும் பாடசாலை கற்பியாதது யாது. இரண்டாவது வாரத்தில் வேறொரு தொழிலாளரிடம் சென்று அவ்வாறே எழுதுக. இரண்டு குறிப்புக்களையும் வகுப்பாசிரியரும் தாய்தந்தையரும் ஒரே மேசையிலிருந்து படித்த பின்னர், உயர்தரத்துக்குரிய விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.