நீரிழிவுப் பாதப் புண் மதிப்பீடு

நீரிழிவுப் பாதப் புண் என்பது நீரிழிவு நோய் உள்ள ஒருவரின் பாதத்தில், மேற்தோலையும் உட்தோலின் ஒரு பகுதியையேனும் ஊடுருவி உண்டாகும் புண் ஆகும். இப்புண்ணின் இடம், பரப்பு, ஆழம், நோய்த்தொற்று, குருதியோட்டம், உணர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்து, அதனை ஒரு தரமாகவோ எண்ணாகவோ குறிப்பது புண் மதிப்பீடு எனப்படும். பிற புண்களைப் போலன்றி, இப்புண்ணின் கடுமையை வலியைக் கொண்டு அறிய இயலாது. வலியே இல்லாத புண் காலை அகற்றும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும். ஆகவே முறையான மதிப்பீடு இன்றியமையாததாகிறது.

காயமும் புண்ணும்

வெட்டு, குத்து, சிராய்ப்பு, தீ முதலிய புறக் காரணங்களால் உடனடியாக உண்டாவது காயம். தோலின் அல்லது சவ்வின் தொடர்ச்சி சிதைந்து, எளிதில் ஆறாது நிலைப்பது புண். காயம் ஒன்று ஆறாமல் புண்ணாக மாறுவதும் உண்டு.

கால் புண்களை அவற்றின் காரணத்தைக் கொண்டு பின்வருமாறு பிரிப்பர்:

* சிரைப் புண்: பெரும்பாலும் கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே தோன்றும். சுற்றியுள்ள தோல் கறுத்து, கால் வீங்கியிருக்கும்.
* தமனிப் புண்: கால்விரல் நுனிகளிலும் அழுத்தம் படும் இடங்களிலும் தோன்றும். பாதம் குளிர்ந்திருக்கும். பொதுவாக மிகுந்த வலி தரும்.
* நரம்புசார் புண்: உள்ளங்காலில் அழுத்தம் மிகும் இடத்தில், தடித்த காய்ப்பின் நடுவே குழி போலத் தோன்றும். வலி இராது.

நீரிழிவு நோயில் நரம்புச் சிதைவும் தமனி அடைப்பும் சேர்ந்தே அமையலாம். அப்போது தமனிப் புண்ணின் வலியையும் நோயாளி உணரமாட்டார்.

வட சென்னையும் பாத மருத்துவமும்

இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் முன்னோடியான பேராசிரியர் எம். விசுவநாதன், 1954 ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்தில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். எம்.வி. நீரிழிவு மருத்துவமனை என்று அறியப்படும் இந்நிறுவனம் பாதப் பராமரிப்பிலும் ஆய்விலும் ஈடுபட்டு வருகிறது. தென்னிந்தியாவில் கால் அகற்றத்தைத் தடுக்கும் முயற்சி குறித்து இங்குள்ள மருத்துவர்கள் 2005 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாதப் பராமரிப்பு அறிவுரைகளைப் பின்பற்றிய நோயாளிகளுக்குப் புண் ஆறுதல் மிகுதியாகவும், அறுவை மருத்துவத்தின் தேவை குறைவாகவும் இருந்ததை அது காட்டியது.

துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள் என நீளும் இப்பகுதியில் நாள் முழுதும் நின்று உழைப்போர் பலர். உணர்ச்சி குன்றிய பாதத்துக்குச் செருப்பில் தங்கிய சிறு கல், இரும்புத் துகள், ஈரத்தில் ஊறிய தோல் ஆகியவை போதிய கேடு விளைவிக்கும். நண்பகலில் கோயிலின் கருங்கல் பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடந்து, கொப்புளம் எழுந்த பின்னரே அதனை அறிவோரும் உளர்.

உணர்ச்சியற்ற பாதம் குறித்த அறிவுக்குத் தமிழ்நாட்டில் மற்றொரு வரலாறும் உண்டு. 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களுக்கு முதன்மைக் காரணம் வலியுணர்வை இழந்த பாதத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே என்று விளக்கினார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றியபோது இவ்வறிவு நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்பட்டது.

ஆய்வு முறை

புண்ணை முதலில் கண்ணால் நோக்கி இடம், அளவு, வடிவம், விளிம்பு, தளம், கசிவு, சுற்றியுள்ள தோல் ஆகியவற்றைக் குறிப்பர். சரிந்த விளிம்பு ஆறிவரும் புண்ணையும், துளையிட்டது போன்ற செங்குத்து விளிம்பு நரம்புசார் புண்ணையும், உட்குடைந்த விளிம்பு காசநோய்ப் புண்ணையும், வெளிநோக்கிப் பிதுங்கிய விளிம்பு புற்றுநோயையும் சுட்டலாம். தளத்தில் செந்நிறத் திசு இருப்பின் நலம். மஞ்சள் அல்லது கறுப்புத் திசு இருப்பின் அது இறந்த திசு ஆகும். காய்ப்பையும் இறந்த திசுவையும் நீக்கிய பின்னரே உண்மையான அளவும் ஆழமும் புலப்படும்.

அடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை காண்பர்.

* உணர்ச்சி உள்ளதா? 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்துவர். நோயாளி அதை உணராவிடில் பாதுகாப்பு உணர்ச்சி இழக்கப்பட்டுள்ளது எனக் கொள்வர்.
* குருதியோட்டம் போதுமா? பாதத்தின் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பர். கணுக்கால் குருதியழுத்தத்தைக் கை குருதியழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 க்குக் குறைந்தால் தமனி அடைப்பைக் குறிக்கும். நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணமேறி இறுகுவதால் இவ்வெண் பொய்யாக உயரக்கூடும். அப்போது கால்விரல் அழுத்தம் அளக்கப்படும்.
* நோய்த்தொற்று உள்ளதா? வீக்கம், சிவப்பு, வெப்பம், வலி, சீழ் ஆகியவற்றுள் இரண்டேனும் இருந்தால் தொற்று எனக் கருதுவர். நோயறிகுறி இல்லாத புண்ணிலும் நுண்ணுயிர்கள் வாழும். எனவே ஆய்வகச் சோதனையில் நுண்ணுயிர் காணப்படுவது மட்டுமே தொற்றாகாது.
* எலும்பு எட்டப்பட்டதா? தூய்மையாக்கிய மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுள் மெல்லச் செலுத்துவர். கடினமான எலும்பு தட்டுப்பட்டால் எலும்புத் தொற்றை ஐயுற்று ஊடுகதிர்ப் படம் எடுப்பர்.

வகைப்பாடுகள்

வாக்னர் வகைப்பாடு: மெகிட் 1976 இலும் வாக்னர் 1981 இலும் வெளியிட்ட முறை. இதில் ஆறு தரங்கள் உள்ளன.

* 0: திறந்த புண் இல்லை; ஆயினும் இடர் உள்ள பாதம்
* 1: மேலோட்டமான புண்
* 2: தசைநாண், எலும்பு அல்லது மூட்டு வரை ஆழ்ந்த புண்
* 3: ஆழ்ந்த புண்ணுடன் சீழ்க்கட்டி அல்லது எலும்புத் தொற்று
* 4: பாதத்தின் முன்பகுதியில் திசு அழுகல்
* 5: பாதம் முழுவதும் திசு அழுகல்

டெக்சாசு பல்கலைக்கழக வகைப்பாடு: 1996 இல் வெளியானது. ஆழத்தை 0 முதல் 3 வரையான எண்ணாலும், பிற நிலைகளை எழுத்தாலும் குறிக்கும். அ என்பது தொற்றும் குருதிக் குறைவும் இல்லாமை. ஆ என்பது தொற்று. இ என்பது குருதிக் குறைவு. ஈ என்பது இரண்டும் உள்ள நிலை. (ஆங்கில எழுத்துகளுக்கு ஈடாகத் தமிழ் எழுத்துகள் இங்குத் தரப்பட்டுள்ளன.)

சின்பாட் மதிப்பெண்: 2008 இல் வெளியானது. புண் பாதத்தின் நடு அல்லது பின்பகுதியில் இருத்தல், குருதிக் குறைவு, உணர்ச்சியிழப்பு, தொற்று, 1 சதுர செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பு, தசை அல்லது தசைநாண் வரையான ஆழம் ஆகிய ஆறுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் வழங்கப்படும். மொத்தம் 0 முதல் 6 வரை. சிறப்புக் கருவிகள் தேவைப்படாததால், மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் தெரிவிக்க இதனையே நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுச் செயற்குழுவின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டல் பரிந்துரைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இரண்டு தொழிலாளர்களுக்குப் பெருவிரலின் அடியில், முன்பாதத்தில், 2 சதுர செ.மீ. பரப்பில் தசைநாண் வரை ஆழ்ந்த புண் உள்ளது எனக் கொள்வோம். இருவருக்கும் உணர்ச்சியும் இல்லை, வலியும் இல்லை. முதலாமவரின் நாடித் துடிப்பு நன்றாக உள்ளது, தொற்று இல்லை. இரண்டாமவருக்கு நாடி தென்படவில்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பும் வெப்பமும் உள்ளன. சீழ்க்கட்டியோ எலும்புத் தொற்றோ இல்லை.

வாக்னர் முறையில் இருவருக்கும் தரம் 2. டெக்சாசு முறையில் முதலாமவர் 2-அ, இரண்டாமவர் 2-ஈ. சின்பாட் மதிப்பெண் முறையே 3, 5. முதலாமவருக்குப் பாதத்தின் அழுத்தத்தை நீக்கும் மாவுக்கட்டும் புண் பராமரிப்பும் முதன்மைச் சிகிச்சை. இரண்டாமவருக்கோ தொற்றுக்கான சிகிச்சையும் குருதிக்குழாய் அறுவை மருத்துவரின் ஆலோசனையும் காலந்தாழ்த்தாது தேவை. 1998 இல் டெக்சாசு முறையைச் சோதித்த ஆய்வில், தொற்றும் குருதிக் குறைவும் ஒருங்கே உள்ளவர்களுக்கு நடுப்பாதம் அல்லது அதற்கு மேல் கால் அகற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 90 மடங்கு மிகுதியாக இருந்தது.

அன்றாடப் பாதுகாப்பு

நீரிழிவு உள்ளோர் நாள்தோறும் பாதத்தைப் பார்வையிடுதல் வேண்டும். உள்ளங்காலைக் கண்ணாடி கொண்டோ பிறர் உதவியாலோ காணலாம். செருப்பை அணியுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தல், கால் ஆணியைப் பிளேடால் தாமே வெட்டாதிருத்தல், உணர்ச்சி குன்றியோர் எம்.சி.ஆர். செருப்பு போன்ற மென்மையான காலணி அணிதல் ஆகியன நன்று. புண் தோன்றினால், வலி இல்லையெனினும், தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும்.